போன் இருக்கும்போது மினிடிஸ்க் எதற்கு? மலைக்காரர்கள் வாருங்கள், பேசலாம்

கட்டபெட்டு காற்று (கோத்தகிரி)

போன வாரம் வேறொரு இழையில், நான் இன்னும் மினிடிஸ்க்கில்தான் பாட்டு கேட்கிறேன் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டேன். அதிலிருந்து தனிமடலில் ஒரே கேள்விதான். "அது இன்னும் ஓடுகிறதா? எதற்கு இந்த வேண்டாத வேலை?" ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத நேரமில்லை, இலை பறிப்பு நடக்கிறது. இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: சோனி 1992 கடைசியில் ஜப்பானில் இறக்கிய சாமான் இது. 64 மில்லிமீட்டர் டிஸ்க். அது வெளியே வராது, ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள்ளேயே இருக்கும். பழைய கம்ப்யூட்டர் பிளாப்பிக்கு இருக்குமே, அதே மாதிரி நகரும் ஷட்டர். முதலில் 60, 74 நிமிடம், அப்புறம் 80 நிமிடம். ஜப்பானில் நன்றாக ஓடியது. நம் ஊரில் கேசட்டிலிருந்து சிடிக்கும் சிடியிலிருந்து எம்பி3க்கும் தாவிவிட்டோம், நடுவில் இது வந்துபோனது பலருக்குத் தெரியவே தெரியாது.

ஒலித்தரத்துக்காக இதை வாங்கு என்று யாருக்கும் சொல்லமாட்டேன். அட்ராக் என்ற முறையில் சுருக்கி, நொடிக்கு 292 கிலோபிட்டாக எழுதுகிறது. சிடியில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. காதுக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் போனில் ஏற்றிய பிளாக் (FLAC, ஒலி எதையும் இழக்காத வகை) கோப்பு இதைவிடச் சுத்தம். சண்டைக்கு வருகிறவர்கள் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு வரவும்.

என் காரணம் வேறு. போனில் பேக்டரிக்காரர் கூப்பிடுவார், பசுந்தேயிலை விலை வாட்ஸ்அப்பில் வரும், பள்ளிக்கூட குரூப், பேங்க் ஓடிபி, எல்லாம் அதில்தான். பாட்டுக்கு நடுவே ஒரு முறை எடுத்துப் பார்த்தால் போதும், பாட்டு போச்சு. அதனால் தனிக்கருவி வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்தத் தனிக்கருவி ஏன் டிஸ்க்காக இருக்கவேண்டும் என்றால், அதில் பதியலாம், பதிந்ததை அங்கேயே வெட்டலாம், செல் தீர்ந்தால் தெருமுனைக் கடையில் சுவர்க்கடிகார செல் ஒன்று வாங்கிப் போடலாம்.

கூடலூர் மழை (கூடலூர்)

அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டால் பேக்டரியும் கூப்பிடாது, ஓடிபியும் வராது. செலவு சுழியம்.

தனிக்கருவிதான் வேண்டுமென்றால் என்னுடைய பழைய ஐபாட் வீடியோ (ஆப்பிளின் பாட்டுக் கருவி) இருக்கிறது. உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு, ஒரு அடாப்டர் வைத்து மெமரி கார்டு போட்டேன். புது பேட்டரி. ராக்பாக்ஸ் மென்பொருள் ஏற்றியாகிவிட்டது, ஐடியூன்ஸ் தேவையில்லை, கோப்பை இழுத்துப் போட்டால் முடிந்தது. என்னிடம் இருக்கும் எல்லாப் பாட்டும் உள்ளே இருக்கிறது. நீங்கள் 80 நிமிடத்துக்கு ஒரு தடவை சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருப்பீர்கள்.

ஐபாட் 2001 அக்டோபரில் 5 ஜிபியோடு வந்தது, 2022 மே மாதம் நிறுத்திவிட்டார்கள். அதுவும் நின்றுபோனதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு உதிரி பாகம் கிடைக்கிறது. உங்கள் வெற்று டிஸ்க்கையே சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. இனி என்ன செய்வீர்கள்?

கட்டபெட்டு காற்று

தம்பி, நல்ல கேள்வி. ஒரு டிஸ்க்கைப் பத்து லட்சம் முறை அழித்து எழுதலாம் என்பது கம்பெனிக் கணக்கு. அதில் நூறில் ஒரு பங்கு உண்மையாக இருந்தாலும் எனக்கு மேல் அது வாழும். ஜப்பானில் பழைய டிஸ்க்குகளைக் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். யாரோ வானொலியிலிருந்து பதிந்து, கையால் ஜப்பானிய மொழியில் பெயர் எழுதி ஒட்டியது. அழிப்பதற்கு முன் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் அழிப்பேன். ஒன்றில் முழுக்க ஆங்கிலப் பாடம் இருந்தது!

கடையில் பாட்டோடு விற்ற டிஸ்க் மட்டும் வேறு ஜாதி. அது சிடி மாதிரி அச்சடித்தது, அதில் எழுத முடியாது. மொத்தமாக வாங்கும்போது பார்த்து வாங்கவேண்டும்.

80 நிமிடம் பற்றி: 2000இல் வந்த எல்பி2 முறையில் எழுதினால் அதே டிஸ்க்கில் 160 நிமிடம், எல்பி4 என்றால் 320 நிமிடம். எல்பி2 எனக்குப் போதும். எல்பி4இல் ஜால்ரா சத்தம் தண்ணீரில் நனைந்து வரும், பேச்சுக்கு மட்டும் ஆகும்.

ஏரோபிளேன் மோடு போடலாம்தான். போட்டுவிட்டு நான் எடுத்துவிடுவேன், அதுதான் சிக்கல்.

தைலமரம் (உதகை)

நான் சிடி கட்சி. அப்பா சேர்த்த கர்னாடக சங்கீத சிடிகள் இரண்டு பெட்டி இருக்கின்றன. கைக்கு அடக்கமான சிடி பிளேயர் இப்போது புதிதாகவே வருகிறது. 2024இல் பியோ டிஎம்13 வந்தது, மூன்டிராப், ஷான்லிங் எல்லாம் போட்டிருக்கிறார்கள். சுருக்காத ஒலி, புது லேசர், வாரண்டி. டிஸ்க் மோகம்தான் என்றால் இதில் என்ன குறை? முப்பது வருஷத்துப் பழசை ஏன் தேடிப் போகவேண்டும்?

எனக்கு இருக்கும் ஒரே தொல்லை பூஞ்சணம். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை அலமாரியைத் திறந்தாலே நெடி. சில சிடிகளின் ஓரத்தில் பாசி படர்ந்தாற்போல் இருக்கிறது. துடைத்தாலும் சில பாட்டு திக்குகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

பழைய டெக் (குன்னூர்)

மேடம், இந்த மலையில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் பழுது பார்த்தே காலத்தை ஓட்டியவன் நான். பூஞ்சணம் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். கேசட்டைத் திறந்தால் நாடாச் சுருளின் பக்கவாட்டில் வெள்ளையாக மாவு பூத்திருக்கும். அதை அப்படியே டெக்கில் போட்டால் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் ஒட்டும். கேமரா வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், லென்ஸ் கதையை அழுதுகொண்டே சொல்வார்கள்.

சிடியை மைல்டு சோப்புத் தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் பஞ்சுத் துணியால் ஒற்றுங்கள். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. பூஞ்சணம் மேல்பக்க வார்னிஷைத் தாண்டி அலுமினியத்துக்குப் போய்விட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசிக்குத்து மாதிரி ஓட்டை தெரிந்தால் அந்த சிடியை உடனே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள்.

மினிடிஸ்க் கூட்டுக்குள் இருப்பதால் கைரேகையும் தூசியும் படாது. அதற்காக ஈரம் உள்ளே போகாது என்று நினைக்காதீர்கள், ஷட்டர் காற்றுப் புகாத மூடி கிடையாது. பிஸ்கட் டின்னில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். எந்த டிஸ்க்குக்கும் இதுதான்.

தைலமரம்

நன்றி சார். சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் தோசைக்கல்லில் வறுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று யாரோ சொன்னார்கள்?

பழைய டெக்

சமைக்கும் கல்லில் வேண்டவே வேண்டாம்! நீலமாக இருந்து ரோஸ் நிறமாகும் ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, நஞ்சு. ஆரஞ்சு நிற ஜெல் கிடைத்தால் அதை வாங்குங்கள். எதுவானாலும் அதற்கென்று ஒரு பழைய தட்டு ஒதுக்கிவிடுங்கள்.

ரேக்கு ரயில் (குன்னூர்)

சிடிக்கும் மினிடிஸ்க்குக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் யாரும் சொல்லவில்லை. கல்லட்டி ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவிலும் மடியில் சிடி பிளேயர் வைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். புது மாடல்களில் தாங்கும் வசதி இருக்கிறது, ஆனாலும் பெரிய குழியில் இறங்கினால் தெரியும்.

மினிடிஸ்க்கில் சுருக்கம் இருப்பதே இங்கே உதவுகிறது. டிஸ்க்கிலிருந்து சிடி வேகத்தில் படிக்கிறது, பாட்டுக்குத் தேவை அதில் ஐந்தில் ஒரு பங்குதான். அதனால் கடகடவென்று படித்து மெமரியில் நிரப்பிவிட்டு டிஸ்க் ஓய்வெடுக்கும். மெமரி காலியாகும்போது மறுபடி சுழலும். பிற்கால மாடல்களில் இது 40 நொடி வரை தாங்கும். அமைதியான அறையில் காதை வைத்துக் கேட்டால் ஒரு சின்ன "க்ர்ர்", பிறகு நிசப்தம், மறுபடி ஒரு "க்ர்ர்".

நான் வாங்கியது ரயிலுக்காக. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதையில் நீராவி எஞ்சின் ஏறுகிறதே, அந்தச் சத்தத்தைப் பதிய. ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது ஒரு சத்தம், கிளம்பும்போது பற்கள் கவ்வும்போது வேறு சத்தம். குகைக்குள் விசில் அடித்தால் ஒலி அளவு கூரையில் முட்டி உடையும். தானியங்கி அளவில் விட்டால் விசிலுக்கு அப்புறம் நாலைந்து நொடிக்கு எல்லாமே அமுங்கிவிடும். அதனால் ரிக்கார்டை அழுத்தி, பாஸில் நிறுத்தி, மெனுவில் போய் மேனுவல் என்று மாற்றி, விசிலுக்கு இடம் விட்டு அளவைக் குறைவாக வைக்கவேண்டும். கொடுமை என்னவென்றால் என் மாடலில் ஒவ்வொரு பதிவுக்கும் இதை முதலிலிருந்து செய்யவேண்டும், ஞாபகம் வைத்துக்கொள்ளாது. குளிரில் விரல் மரத்திருக்கும்போது அந்தக் குட்டி பட்டனோடு மல்லுக்கட்டுவது தனி சுகம்.

வட்டக்கானல் வாசி (கொடைக்கானல்)

பழநி மலையிலிருந்து ஒரு எதிர்க்கட்சி. பறவை ஒலி பதிகிறவன் நான். பாட்டு கேட்க யார் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். பதிவுக்காக இன்று மினிடிஸ்க் வாங்குவது சரியில்லை அண்ணே.

சீகாரப் பூங்குருவி விடியுமுன் ஓடைக்கரையில் பாடும், மனிதன் விசிலடிக்கிற மாதிரியே இருக்கும். ஓடை இரைச்சலும் குருவியும் சேர்ந்து வரும்போது, காதுக்குக் கேட்காது என்று அட்ராக் எதை வீசுகிறதோ அது பிறகு எனக்குத் தேவைப்படும். அலைவரிசைப் படம் போட்டுப் பார்த்தால் மேலே வெட்டுப்பட்டது தெரியும். மைக் வைத்த சாதாரண டிஜிட்டல் ரிக்கார்டர் ஒன்று வாங்கினால் சுருக்காத வேவ் கோப்பாகவே பதியலாம், கார்டைக் கழற்றி லேப்டாப்பில் சொருகினால் வேலை முடிந்தது.

2001இல் வந்த நெட்எம்டி வகையில் யுஎஸ்பி இருந்தும், கம்ப்யூட்டரிலிருந்து உள்ளேதான் ஏற்றலாம். உங்கள் மைக்கில் நீங்களே பதிந்ததைக்கூட வெளியே எடுக்கக் கம்பெனி வழி விடவில்லை. திருட்டு நகல் பயம். அந்தப் பயம்தான் இந்த வடிவத்தைக் கொன்றது என்பது என் கருத்து. 2004இல் ஹை எம்டி வந்து 1 ஜிபி டிஸ்க், சுருக்காத பதிவு எல்லாம் கொடுத்தபோது ஊரே ஐபாட் வாங்கிவிட்டது.

கட்டபெட்டு காற்று

நீங்கள் சொல்வது பறவைக்குச் சரி. அந்த வேலைக்கு நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

நான் பதிவது வேறு. எங்கள் ஹட்டியில் (ஊரில்) பாட்டிமார் உட்கார்ந்து பேசுவது, கல்யாண வீட்டு வாத்தியம், மழைக்கு முன் தகரக் கூரை. ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டு, வீட்டுக்கு வந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே அடையாளம் போடுவேன். நல்ல இடம் தொடங்கும்போது ஒரு தட்டு, முடியும்போது ஒரு தட்டு. நடுவில் இருமியது, நாய் குரைத்தது எல்லாம் தனி டிராக் ஆகிவிடும், அழித்துவிடுவேன். மீதியை முன்னே பின்னே நகர்த்தி ஒட்டிவிடலாம். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். சத்தத்தை நகர்த்தி எழுதுவதில்லை, டிஸ்க்கின் உள்ளோரத்தில் இருக்கும் அட்டவணையை மட்டும்தான் மாற்றி எழுதுகிறது. அதனால் நொடியில் முடியும். உங்கள் ரிக்கார்டரில் இவ்வளவு சுளுவாக முடிகிறதா?

வெளியே எடுப்பது பற்றி: 2006இல் வந்த எம்இசட்-ஆர்எச்1 பழைய டிஸ்க்குகளையும் யுஎஸ்பி வழியே கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். சோனியின் கடைசி நல்ல காரியம். இப்போது ஆர்வலர்கள் எழுதிய வெப் மினிடிஸ்க் புரோ இருக்கிறது, குரோம் உலாவியிலேயே ஓடும். அதில் சோனியின் நெட்எம்டி கையடக்க மாடல்கள் பலவற்றிலிருந்தும் எடுக்க முடிகிறது. கம்பெனி பூட்டியதை ரசிகர்கள் திறந்தார்கள்.

வட்டக்கானல் வாசி

வெட்டுவது விஷயத்தில் தோற்றேன். என் ரிக்கார்டரில் கோப்பைப் பிரிக்கலாம், ஆனால் மெனுவுக்குள் மெனு. நான் எல்லாவற்றையும் லேப்டாப்புக்குத் தள்ளிவிட்டு அங்கே உட்கார்ந்து பார்க்கலாம் என்று வைத்துவிடுவேன். பார்க்காத கோப்பு மலையாகக் குவிந்து கிடக்கிறது என்பதும் உண்மை.

சும்மா ஒரு கேள்வி (பண்ணைக்காடு)

அண்ணே, படித்துப் படித்து ஆசை வந்துவிட்டது. எது வாங்கலாம்? பாட்டு கேட்கத்தான், பதிவு அவ்வளவாக இல்லை. காப்பித் தோட்டத்தில் வேலை, கோடை பண்பலை எடுக்காத மூலையே இங்கே கிடையாது, அதனால் வானொலிக்குக் குறைவில்லை. நானே தேர்ந்தெடுத்த பாட்டுக்குத்தான் ஏதாவது வேண்டும்.

கூடலூர் மழை

பாட்டு கேட்க மட்டும் என்றால் இரண்டாம் பேச்சே இல்லை. ஐபாட். அல்லது கார்டு போடும் சின்ன பிளேயர்.

கட்டபெட்டு காற்று

தம்பி, கூடலூர் சொல்வதைக் கேளுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். பதிவு வேண்டாம், டிஸ்க் மாற்றுவதில் விருப்பமில்லை, பாட்டு நிறைய வேண்டும் என்றால் மினிடிஸ்க் உங்களுக்கு இல்லை. தமிழ் எழுத்தில் பாட்டுப் பெயர் போடக்கூட முடியாது. ஆங்கில எழுத்தும் ஜப்பானிய எழுத்தும்தான் ஏற்கும், எல்லாம் தங்கிலீஷ்தான்.

அப்படியும் வேண்டும் என்றால் இதைப் பாருங்கள். ஏஏ செல் (சுவர்க்கடிகார செல்தான்) நேரே உள்ளே போகும் மாடலாக எடுங்கள். எம்இசட்-என்505, என்510 இந்த ரகம். பல அழகான மாடல்களுக்கு பபிள்கம் வடிவ தட்டை பேட்டரி, அது கிடைப்பது கஷ்டம். வெளியே திருகி மாட்டும் ஏஏ செல் கூடு தனியாக வரும், விற்கிறவர் அதைத் தொலைத்திருப்பார். லித்தியம் பேட்டரி உள்ளே இருந்தால் விமானத் தபாலில் தகராறு. என்505இல் மைக் துளை கிடையாது, ஆனால் உங்களுக்கு அது தேவையில்லை. ஆர்எச்1 விலை எங்கேயோ போய்விட்டது, திரையும் காலப்போக்கில் மங்கிவிடும்.

ஜப்பானிய ஏலத்தில் "ஜங்க்" என்று போட்டிருந்தால் சோதிக்கவில்லை, திருப்பி எடுக்கமாட்டோம் என்று பொருள். பாதி நன்றாகவே ஓடும், பாதி ஓடாது. பாட்டு படிக்கிறது என்று படம் போட்டிருந்தாலும் எழுதுகிறதா என்று கேளுங்கள். எழுதும் காந்தத் தலை வளைந்திருந்தால் படிக்கும், எழுதாது. தபால் கூலியும் சுங்கவரியும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு ஏலம் கேளுங்கள், பொருளின் விலையைவிட அவை மிஞ்சிவிடும் சில சமயம்.

பழைய டெக்

காந்தத் தலை பற்றிச் சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். இது எழுதும் விதம் விசேஷமானது. கீழேயிருந்து லேசர் ஒரு புள்ளியை ஏறத்தாழ 180 டிகிரிக்குச் சூடாக்கும். அந்தச் சூட்டில்தான் மேலே இருக்கும் காந்தத் தலை அந்தப் புள்ளியின் திசையை மாற்ற முடியும். ஆறினால் அப்படியே உறைந்துவிடும். அதனால் ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் கேசட் மாதிரி அழியாது. பதியும்போது செல் சீக்கிரம் தீர்வதும் இதனால்தான்.

மலைக்காரர்கள் கவனிக்கவேண்டியது வேறு. ஜனவரியில் காந்தல், தலைகுந்தா பக்கம் உறைபனியில் சுற்றிவிட்டு நேரே அடுப்பங்கரைக்குள் பிளேயரைக் கொண்டுபோகாதீர்கள். லென்ஸில் வேர்த்துவிடும், டிஸ்க் இல்லை என்று காட்டும். பையிலேயே ஒரு மணி நேரம் கிடக்கட்டும். குளிரில் சாதாரண அல்கலைன் செல் சீக்கிரம் படுத்துவிடும், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் தாங்கும்.

இன்னொன்று, பதிவை நிறுத்தியதும் திரையில் "டிஓசி எடிட்" என்று மின்னும். அட்டவணை எழுதும் நேரம் அது. அப்போது செல்லைப் பிடுங்கினாலோ ஓங்கித் தட்டினாலோ அட்டவணை எழுதாமல் போய்விடும், டிஸ்க் வெறுமை என்று காட்டும். கிழிந்தது என்று தூக்கிப் போடாதீர்கள். சத்தம் டிஸ்க்கில் அப்படியே இருக்கிறது, முகவரிதான் இல்லை. அதே முறையில் முழு நீளம் ஒரே டிராக்காகப் பதிந்த வேறொரு டிஸ்க்கைப் போட்டு, அட்டவணை எழுதக் காத்திருக்கும் நிலையில் மூடியின் சுவிட்சை ஏமாற்றி டிஸ்க்கை மாற்றினால், அந்த அட்டவணை இதன்மேல் ஏறும். ஒரு கல்யாண வீட்டுப் பதிவை இப்படித்தான் மீட்டுக்கொடுத்தேன், நாதஸ்வரம் முழுசாக வந்தது. பழகாதவர்கள் முதலில் வேண்டாத டிஸ்க்கில் செய்துபாருங்கள்.

ரேக்கு ரயில்

சார், இது தெரியாமல் ஒரு குகைப் பதிவை அழித்துவிட்டு மேலே எழுதிவிட்டார் என் நண்பர். அவரிடம் சொல்லமாட்டேன்.

தைலமரம்

என் சிடிகளை மினிடிஸ்க்குக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று இப்போது யோசனை. அப்பா பெட்டி பத்திரமாக டின்னுக்குள் போய்விடும், தோட்டத்தில் சுற்றும்போது நகலைக் கேட்கலாம். வீட்டு டிவிடி பிளேயரின் பின்னால் சதுரமாக ஒரு ஆப்டிகல் துளை இருக்கிறது, சிவப்பு வெளிச்சம் வரும். அதிலிருந்து நேரே பதிய முடியுமா? என்505 போதுமா?

கட்டபெட்டு காற்று

போதும் மேடம். என்505இல் லைன், ஆப்டிகல் இரண்டுக்கும் ஒரே துளைதான், ஹெட்போன் துளை மாதிரி உருண்டையாக இருக்கும். கடையில் கேட்கும்போது ஒரு முனை சதுரம், மறுமுனை 3.5 மில்லிமீட்டர் உருண்டை உள்ள ஆப்டிகல் கேபிள் என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் சதுரமாக இருப்பதைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

பிளேயரின் மெனுவில் டிஜிட்டல் அவுட்டைப் பிசிஎம் என்று மாற்றுங்கள். ஆப்டிகல் வழியாகப் போனால் ஒவ்வொரு கிருதிக்கும் டிராக் அடையாளம் தானாகவே விழும். ஒரு சிடிக்கு ஒரு சிடி நேரம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. இப்படி எடுத்த நகலிலிருந்து இன்னொரு டிஜிட்டல் நகல் எடுக்க வேறொரு மினிடிஸ்க் ரிக்கார்டர் விடாது, அது அவர்கள் வைத்த பூட்டு. உங்களுக்கு ஒரு நகல்தானே வேண்டும்.

தைலமரம்

ஒன்றே போதும். சேரிங்கிராஸ் பக்கம் கேபிள் கேட்டுப் பார்க்கிறேன், இல்லாவிட்டால் கோயம்புத்தூர்தான்.